துயர் தணிப்புப் பிரிவில் ஒரு பூஜ்யம்

எங்கள் குடும்பத்தில் யாராவது நலம் விசாரித்தால் ‘ஒன்றும் இல்லை’ என்றுதான் பதில் சொல்வோம். பசியா என்று கேட்டாலும் ஒன்றும் இல்லை. வலியா என்று கேட்டாலும் ஒன்றும் இல்லை. என் தகப்பனார் முதுகில் ராஜபிளவைக் கட்டியை வைத்துக்கொண்டு, பார்க்க வந்த தாசில்தாரை நிமிர்ந்து உட்கார்ந்து உபசரித்து, வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு, மறுநாள் காலமானார். வீட்டுச் சங்கதியை வெளியாரிடம் அவிழ்த்துப் போடுவது எங்களுக்கு வழக்கம் இல்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் நான் ஒரு பகல் முழுவதும் உட்கார நேர்ந்ததற்கு இதுவே காரணம் என்பதால் எழுதுகிறேன்.

அந்த மருத்துவமனையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவர்களுக்குப் பதற்றம் உண்டாகும். பதற்றத்தை அவர்கள் என்ன செய்வார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

என் அண்ணன் குற்றாலலிங்கம் நெஞ்சுவலி என்று அங்கே சேர்ந்திருந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஆழ்வார்குறிச்சியில் அவர் வீடும் என் வீடும் ஒரே சுவர். சேர்த்த அன்று சாயங்காலம் உள்ளே போய்ப் பார்த்தேன்.

“எப்படி இருக்கு?” என்றேன்.

“ஒண்ணும் இல்ல. நீ பஸ்ஸப் புடிச்சு ஊருக்குப் போ” என்றார். முகம் தெளிவாகத்தான் இருந்தது. ஊருக்குப் போனேன். விடியும்போது போன் வந்தது.

மதினி பாலம்மாளிடம் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. “கொண்டாங்க தம்பி, மொகத்தப் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். மதினிக்குச் சர்க்கரை உண்டு. முகத்தைப் பார்க்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் பட விடமாட்டார். பொழுது அடைந்தபிறகு எங்களில் எரிப்பதும் இல்லை. ஆகவே எனக்கு இருந்த வேலை ஒன்றுதான். பொழுது இறங்குவதற்குள் அண்ணனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

மருத்துவமனையில் போடவேண்டிய கையெழுத்தையெல்லாம் காலையிலேயே போட்டு முடித்தேன். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற யாசர் பின்வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தான். பிணவறைக் காவலாளி மட்டும் கதவைத் திறக்கவில்லை.

“மேல போயி தணிப்புச் சீட்டு வாங்கிட்டு வந்துருங்க அண்ணாச்சி.”

“என்னத்தைத் தணிக்க?”

“துயரத்த” என்றான், மாடிப்படியைக் காட்டி.

முதல் மாடியில் ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய கண்ணாடிச் சுவர். அதன் மேல் ‘துயர் தணிப்புப் பிரிவு’ என்று எழுதியிருந்தது. கண்ணாடி அவ்வளவு சுத்தமாக இருந்ததால் நான் நெற்றியை இடித்துக்கொண்டேன். உள்ளே இருந்து ஒருவர் ஓடிவந்து, என் நெற்றியைப் பார்க்காமல் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். பிரிவின் மேலாளர் ஹெப்ரான் அவர்தான்.

“முன்னாடியெல்லாம் இங்கன ஆள் செத்தா சொந்தக்காரங்க கண்ணாடிய ஒடைப்பாங்க ஐயா. மாசாமாசம் புதுக் கண்ணாடி. இந்தப் பிரிவு வந்த பெறகு ஒரு கீறல் கெடையாது, பாருங்க.”

“ஆள் சாவது குறைந்துவிட்டதா?” என்று கேட்டேன்.

“அது வேற டிபார்ட்மெண்ட் ஐயா.”

பிறகு அவர் முறையை விளக்கினார். கண்ணை இடமும் வலமுமாகச் சீராக ஓட்டினால் மனம் இளகும், பதற்றம் இறங்கும்; இது ஆராய்ச்சியில் கண்டது. சுவரில் ஒரு கறுப்புப் பலகை; அதில் ஒரு பச்சை விளக்கு இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் ஓடும். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் அதன் பின்னால் அனுப்பவேண்டும். ஆரம்பத்தில் நம் துயரத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று ஓர் எண் சொல்ல வேண்டும். விளக்கு ஓடி முடிந்தபின் மறுபடி ஓர் எண். குறைந்தது நான்கு இறங்கியிருந்தால் சீட்டு கிடைக்கும். சீட்டைக் காட்டினால் கீழே கதவு திறக்கும்.

“இறங்காவிட்டால்?”

“இதுவரைக்கும் எறங்காம யாரும் போனதில்ல ஐயா” என்றார் பெருமையோடு.

எனக்கு முன்னால் மேலப்பாளையத்தில் இருந்து வந்த ஹமீது பீவி என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவருடைய வீட்டுக்காரரும் கீழேதான் இருந்தார். எத்தனை என்று கேட்பதற்கு முன்பே “பத்து” என்றார். விளக்கு ஓடியது. “ரெண்டு” என்றார். சீட்டு வந்தது. எழுந்து போகும்போது என் பக்கம் குனிந்தார்.

“அண்ணாச்சி, பத்துல ஆரம்பிங்க. போன மாசம் எங்க மாமியா மௌத்தானப்போ நான் வெவரம் தெரியாம அஞ்சுன்னு சொல்லி லுஹர் தொழுகை வரைக்கும் இங்கனயே கெடந்தேன். இன்னிக்கு மய்யித்த அஸர் தொழுகைக்குள்ள அடக்கணும். வாரேன்.”

நல்ல அம்மாள். ஆனால் துக்க வீட்டுக்காரர் இப்படி எண்ணைக் கூட்டிச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

என் முறை வந்தது. பிருந்தா என்ற சின்னப்பெண் கணினிக்கு முன்னால் இருந்தாள். “ஐயா, இப்ப உங்களோட துயரம் எத்தனைன்னு உணர்றீங்க?” என்று பயிற்சியில் கொடுத்த குரலில் கேட்டாள். முன்பின் தெரியாத பெண். கேட்டது நலம் விசாரிக்கிற கேள்வி. என் வாய் அதன் வழக்கப்படி பதில் சொல்லிவிட்டது.

“ஒண்ணும் இல்ல.”

அவள் பூஜ்யத்தைத் தட்டினாள்.

அது பொய்யும் இல்லை. பல்வைத்தியர் ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் கன்னம் இருக்கும், ஆனால் நம்முடையதாக இருக்காது. விடிந்ததிலிருந்து நான் அப்படித்தான் இருந்தேன். அண்ணன் இறந்துவிட்டார் என்பது ஓர் ஊருக்கு ரயில் போகாது என்பதைப் போல ஒரு தகவலாக இருந்தது.

கணினித் திரை சிவந்தது. பிருந்தா ஹெப்ரானைப் பார்த்தாள். ஹெப்ரான் கணினியைப் பார்த்தார்.

“ஐயா, பூஜ்யத்துல இருந்து நாலு எப்படி எறங்கும்?”

“இறங்காது” என்றேன். முப்பது வருடம் வருவாய்த் துறையில் இருந்தவன், கழித்தல் தெரியும். “துயரமே இல்லை என்றால் தணிக்க வேண்டியதில்லையே. சீட்டைக் கொடுங்கள்.”

“தணிக்காம தணிப்புச் சீட்டு எப்படி ஐயா குடுக்க?”

விதி என்று பார்த்தால் அவர் சொன்னதும் சரி.

இப்படிப்பட்ட சந்தர்ப்பத்துக்கும் அங்கே ஒரு வழி வைத்திருந்தார்கள். அதற்குப் ‘பதற்ற ஊக்குவிப்பு’ என்று பெயர். முதலில் எனக்குத் துயரத்தை உண்டாக்கி, பிறகு அதைத் தணிப்பது. எண்ணை நானாக மாற்றிச் சொல்லக்கூடாது. அவர்கள் முறைப்படி ஏற்றினால்தான் ஏறியதாகக் கணக்கு. இதுவரை யாருக்கும் தேவைப்படாததால் அதற்கான சாமான்கள் ஒரு பெட்டியில் பிரிக்காமல் இருந்தன. ஹெப்ரான் உற்சாகமாகப் பிரித்தார்.

முதலில் ஒரு படம் காட்டினார்கள். அதில் ஒரு வீடு தீப்பிடித்து எரிந்தது. ஜனங்கள் ஓடினார்கள். முடிந்ததும் பிருந்தா கேட்டாள்.

“எத்தனை ஐயா?”

“சுற்றுச்சுவரைப் புறம்போக்கில் கட்டியிருக்கிறான். தீயணைப்பு வண்டி எப்படி உள்ளே வரும்?”

“எண் சொல்லுங்க ஐயா.”

“பூஜ்யம்.”

அடுத்து என்னை ஓர் இருட்டறையில் உட்காரவைத்துக் குழந்தை அழுகிற சத்தத்தைப் போட்டார்கள். விடியற்காலை முதல் அலைந்ததால் கண் அயர்ந்துவிட்டேன். வெளியே வந்தபோது, நான் வந்ததைவிட அமைதியாக இருப்பதாக ஹெப்ரான் வருத்தப்பட்டார்.

மூன்றாவதாக ஓர் அட்டை. அதில் எழுதியிருந்ததைப் பிருந்தா என் முகத்தைப் பார்த்து வாசிக்க வேண்டும். அவள் அட்டையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு வாசித்தாள்.

“உங்க குடும்பம் ஒண்ணும் அவ்வளவு பெரிய குடும்பம் இல்ல.” பிறகு, “மன்னிச்சிருங்க ஐயா, இதுல அப்படித்தான் போட்டிருக்கு” என்றாள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “எதை வைத்துச் சொல்லுகிறாய்? ஊர்க் கோயிலில் எங்கள் பாட்டனார் காலத்திலிருந்து முதல் விபூதி யாருக்கு என்று விசாரித்தாயா? தேர் வடத்தை முதலில் தொடுவது யார் என்று தெரியுமா?”

“ஏறுது! ஏறுது!” என்று ஹெப்ரான் கத்தினார். “எத்தனை ஐயா, எத்தனை?”

மனசாட்சிப்படி யோசித்துப் பார்த்தேன். “இரண்டு இருக்கும்.”

சந்தோஷத்தில் அவர் கை விளக்கின் பொத்தானில் பட்டுவிட்டது. பச்சை விளக்கு ஓட ஆரம்பித்தது. எதிரே ஒன்று ஓடும்போது பார்க்காமல் இருப்பது மரியாதை இல்லை என்று நானும் பார்த்தேன். விளக்கு நின்றபோது கோபம் போய்விட்டிருந்தது. உண்மையிலேயே அந்த விளக்கில் ஏதோ இருக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

“பூஜ்யம்” என்றேன்.

“ரெண்டுதான் எறங்கியிருக்கு” என்றாள் பிருந்தா.

ஹெப்ரான் தலையில் கை வைத்தார். அட்டையை மறுபடி வாசிக்கச் சொன்னார். இரண்டாம் தடவை அது எனக்கு அரசாங்க அறிவிப்புப் போலத்தான் கேட்டது.

மத்தியானத்துக்கு மேல் இயக்குநர் டாக்டர் சித்ரலேகா வந்தார். அடுத்த வாரம் இந்தப் பிரிவுக்கு விருது தரும் குழு வருவதால் அவர் ஓர் உரை தயாரித்து வைத்திருந்தார். அதை என்னிடம் பேசினால் எனக்கு ஏறவும் கூடும், அவருக்கு ஒத்திகையும் ஆகும் என்று ஹெப்ரான் யோசனை சொன்னார். நான் ஒருவன், காலி நாற்காலிகள் வரிசையாக இருந்தன. அவர் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“துயருற்றோரே! ஒரு நோயாளியின் உயிர் பல காரணங்களைச் சார்ந்தது. அதற்கு நாங்கள் பொறுப்பேற்க முடியாது. ஆனால் உறவினரின் எண் எங்கள் கையில் இருக்கிறது. அதில் நாங்கள் ஒருபோதும் தோற்றதில்லை. சென்ற ஆண்டு இங்கே இறந்தோர் அதற்கு முந்தைய ஆண்டைவிட அதிகம். எனவே தணிக்கப்பட்ட துயரமும் அதிகம். இந்த மாவட்டத்தில் இவ்வளவு துயரத்தைத் தணித்த நிறுவனம் வேறு இல்லை. இந்தச் சாதனைக்கு ஒத்துழைத்த அத்தனை நோயாளிகளுக்கும் நன்றி. இந்தக் கண்ணாடியைப் பாருங்கள். இதன் பின்னால் எங்கள் உழைப்பு இருக்கிறது.”

ஹெப்ரான் கைதட்டினார். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

“தனக்குத் துயரமே இல்லை என்று ஒருவர் சொன்னால், அவர் எங்கள் சேவையை நிராகரிக்கிறார் என்று பொருள். உங்களைப் போல் நாலு பேர் வந்தால் இந்தப் பிரிவையே மூட வேண்டியதுதான். உங்கள் அண்ணனுக்காகவாவது கொஞ்சம் துயரப்படக்கூடாதா?”

அப்போது என் போன் அடித்தது. ஊரிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர். “மதினிக்குக் கெறக்கமா வருது அண்ணாச்சி. தண்ணி குடுத்தா வாயத் தொறக்க மாட்டேங்காக. எப்ப வருவீய?”

போனை வைத்தேன். ஹெப்ரான் என் முகத்துக்கு அருகில் வந்து, ஆசையோடு கேட்டார்.

“கெட்ட சேதியா ஐயா?”

“ஒண்ணும் இல்ல” என்றேன்.

சொல்லி முடித்தபிறகுதான், எண் ஏறுவதற்கு இருந்த வாய்ப்பை விட்டுவிட்டேன் என்று தெரிந்தது. ஆனால் சொன்னதைத் திருப்பி வாங்கும் பழக்கமும் எங்களிடம் இல்லை.

யாசர் மேலே ஏறிவந்தான். “பொழுது சாயுது அண்ணாச்சி. முக்கூடல் ரோட்டுல வேலை வேற நடக்கு, பையத்தான் போவணும். ஒரு அழுகையப் போட்டுட்டு வாங்க. நான் பாக்காத மாரி அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன்.”

திரும்பியும் நின்றுகொண்டான். மதினிக்காக நான் முயன்றேன். கண்ணை இறுக மூடிப் பார்த்தேன். கண் வறண்டு கிடந்தது. அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“நாலு மணிக்குக் கணினிய மூடிருவோம். பெறகு நாளைக்குத்தான்” என்று ஹெப்ரான் சொன்னார். தணியாத ஒருவர் பதிவில் நின்றால் விருது போய்விடும். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தானே விளக்கை ஓடவிட்டு, கண்ணை இடமும் வலமும் ஓட்ட ஆரம்பித்தார். டாக்டர் சித்ரலேகாவும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எழுந்து, இருவர் கண்ணுக்கும் விளக்கு மறைக்காதபடி ஒதுங்கி நின்றேன்.

பிருந்தாதான் பேசினாள்.

“மேடம், இந்த ஐயாவோட அண்ணனுக்கு நேத்துச் சேத்தப்பவே, பதற்றமா இருக்காங்கன்னு நான் இந்த வெளக்குல பயிற்சி குடுத்தேன். எட்டுன்னு சொன்னாங்க. ஓடி முடிச்சப்போ ஆறு. அதுக்குள்ள உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. அந்தக் கணக்கு முடியாம அப்படியே கெடக்கு.”

நான் அவளைப் பார்த்தேன். என் அண்ணன் ஓர் எண் சொன்னார் என்பதையே என்னால் நம்ப முடியவில்லை. எட்டா?

டாக்டர் சித்ரலேகா விளக்கிலிருந்து கண்ணை எடுத்தார். “முடியாமல் கிடக்கிறதா? இப்போது எத்தனை?”

“மேடம், அவங்க இறந்துட்டாங்க.”

“தெரியும். அதனால்தான் கேட்கிறேன். இப்போது அவருக்குப் பதற்றம் உண்டா?”

“இருக்க வாய்ப்பில்ல மேடம்” என்றார் ஹெப்ரான், மெல்ல எழுந்துகொண்டே.

“எட்டிலிருந்து பூஜ்யம்!” டாக்டரின் முகம் மலர்ந்தது. “இந்தப் பிரிவு திறந்த நாளிலிருந்து இப்படி ஓர் இறக்கம் வந்ததில்லை. நோயாளி அவர், உறவினர் இவர். குடும்பக் கணக்காகப் போடுங்கள்.”

ரத்த உறவினர் ஒருவர் உறுதி செய்ய வேண்டும் என்றார்கள். பிருந்தா என்னிடம் கேட்க வேண்டியதாயிற்று. அவள் குரல் மாறியிருந்தது.

“உங்க அண்ணனுக்கு இப்ப எத்தனை ஐயா?”

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

“ஒண்ணும் இல்ல” என்றேன்.

கைதட்டினார்கள். சீட்டு வந்தது. கண்ணாடிக்கு முன்னால் என்னை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் நேராக நின்றேன்.

படி இறங்கும்போது பிருந்தா பின்னால் வந்தாள். நான் நின்றேன். கேட்கலாமா கூடாதா என்று யோசித்துவிட்டுக் கேட்டேன்.

“எட்டு என்றா சொன்னார்?”

“ஆமா தாத்தா.” பயிற்சிக் குரலைக் காணோம். “என்ன பயம்னு கேட்டேன். சாவுக்குப் பயம் இல்லம்மா, சாயங்காலம் எந்தம்பி வருவான், எப்படி இருக்குன்னு கேப்பான், ஒண்ணும் இல்லன்னு சொல்லணும், இந்தத் தடவ மொகத்த அப்படி வச்சுக்கிட முடியுமான்னு தெரியல, அப்படின்னாக. வெளக்கு ஓடி நின்னதும், நல்லா இருக்கும்மா, இன்னொரு தடவ ஓட்டுன்னாக. நான் ஓட்டுறதுக்குள்ள ஸ்ட்ரெச்சர் வந்துட்டு.”

“சரிம்மா” என்றேன்.

அன்று சாயங்காலம் அவர் முகம் தெளிவாக இருந்ததை நான் முன்பே எழுதியிருக்கிறேன்.

வண்டியில் அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்தேன். யாசர் வண்டியை எடுத்தான். ஆற்றுப் பாலத்தில் கைப்பிடித் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சன்னலைக் கடந்தன. என் கண் ஒவ்வொரு தூணையும் பிடித்துக் கொண்டுபோய் ஓரத்தில் விட்டுவிட்டு மறுபடி திரும்பியது. தலை அசையவில்லை. பாலம் முடியும்வரை அப்படியே இருந்தேன். ஒன்றும் இறங்கவில்லை. இறங்குவதற்கு இன்னும் ஏறவில்லை போலும்.

வீட்டில் மதினி துணியை விலக்கி முகத்தைப் பார்த்தார்.

“ரொம்பப் பாடுபட்டாகளா தம்பி?”

“ஒண்ணும் இல்ல மதினி.”

“ரெண்டு பேரும் அப்படித்தான் சொல்லுவிய” என்றார். பிறகு டம்ளரை வாங்கிக் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். பொழுது அடைவதற்குள் கடனா நதிக்கரையில் கொள்ளி வைத்தேன்.

கருமாதி முடிந்து நான்கைந்து நாள் இருக்கும். மத்தியானம் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் வழக்கமாக இருமுகிற நேரம். சத்தம் வரவில்லை. அப்போது போன் வந்தது. பதிவு செய்த ஒரு பெண் குரல்.

“வணக்கம். துயர் தணிப்புப் பிரிவிலிருந்து அழைக்கிறோம். எங்கள் சேவையால் நீங்கள் அடைந்த அமைதி நீடிக்கிறதா என்று அறிய விரும்புகிறோம். இப்போது உங்கள் துயரத்தின் எண்ணை அழுத்தவும்.”

அறையில் யாரும் இல்லை என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். எட்டை அழுத்தினேன்.

“மன்னிக்கவும். உங்கள் குடும்பத்தின் கடைசி எண் பூஜ்யம். அதற்கு மேற்பட்ட எண்ணை ஏற்க இயலாது. சரியான எண்ணை அழுத்தவும்.”

மறுபடி எட்டை அழுத்தினேன்.

“மன்னிக்கவும். உங்கள் குடும்பத்தின் கடைசி எண் பூஜ்யம்.”

மதினி காபி டம்ளரோடு வந்து நிலைப்படியில் நின்றார். “போன்ல என்ன தம்பி?”

“ஒண்ணும் இல்ல மதினி” என்றேன். விரல் எட்டின் மேலேயே இருந்தது.